ஹார்ட் மோடில் எங்கே சறுக்குகிறது? பைனல் ஃபேண்டஸி 7 ரீமேக்: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

1997-இல் பிளேஸ்டேஷனில் வந்த பைனல் ஃபேண்டஸி 7-இன் தொடக்கம் மிட்கர் நகரம். அந்த மிட்கரை மட்டும் எடுத்து, 2020 ஏப்ரலில் முழு ஆட்டமாகப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். 2021 ஜூனில் பிஎஸ்5-க்கு இன்டர்கிரேட் என்ற பதிப்பு வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் கம்ப்யூட்டருக்கும் வந்தது. ஒருமுறை கதையை முடித்தால் ஹார்ட் மோட் என்ற கடின நிலை திறக்கும்.

நார்மலில் பொத்தானைத் தட்டிக்கொண்டே கடைசிவரை போனவர்கள், ஹார்டில் சாப்டர் 1-இன் தேள் இயந்திரத்திடமே மாட்டிக்கொள்கிறார்கள். எதிரிக்கு பலம் கூடியது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, விதிகள் மாறியது. பையில் இருக்கும், உயிரையும் மந்திர சக்தியையும் நிரப்பும் போஷன், ஈதர் எதையும் தொட முடியாது. வழியில் ஓய்வெடுக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் எச்பி (உயிர்) நிறையும், எம்பி (மந்திரம் போடும் சக்தி) நிறையாது. சாப்டர் தொடங்கும்போது மட்டும் எம்பி முழுதாகக் கிடைக்கும்.

குழாயில் தண்ணீர் வராத வாரத்தில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் லாரி வந்த அன்று குடங்களை நிறைத்து வைத்து, அடுத்த லாரி வரும்வரை அளந்து செலவழிப்பார்கள். ஹார்ட் மோடில் எம்பி அந்தக் குடத்துத் தண்ணீர். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கு தப்பியதால் வருபவை. அதனால் எந்த இடத்தில் மாட்டியிருந்தாலும் எம்பி பற்றிய பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

கோளாறு: ஹார்ட் என்ற தேர்வே காட்டவில்லை

செட்டிங்ஸில் தேடினால் கிடைக்காது. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு ஆட்டம் சேவ் செய்யச் சொல்லும். அந்த சேவைத் திறந்தால்தான் மெனுவின் சிஸ்டம் பகுதியில் சாப்டர் செலக்ட் வரும். அதில் சாப்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு கடினத்தைக் கேட்கும், அங்கே ஹார்ட் இருக்கும். பலர் கடைசி பாஸுக்கு (பெரிய எதிரிக்கு) முன்னால் போட்ட பழைய சேவைத் திறந்துவிட்டு ஹார்ட் வரவில்லை என்கிறார்கள். அந்த சேவுக்கு நீங்கள் ஆட்டத்தை முடித்ததே தெரியாது.

இன்னொரு கவனம். ஹார்டில் ஓடிக்கொண்டிருக்கும் சாப்டரில், ஒரு பாஸ் தாங்கவில்லை என்று நடுவில் நார்மலுக்கு இறக்கினால், அந்த சாப்டரை மறுபடி முதலிலிருந்து ஹார்டில் ஆட வேண்டியிருக்கும். 18 சாப்டரையும் ஹார்டில் முடித்தால்தான் கோப்பை. இறக்குவதற்கு முன் ஒரு தனி சேவ் போட்டு வையுங்கள்.

கோளாறு: பாஸ் வரும்போது எம்பி பூஜ்யம்

எம்பி எங்கே கசிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நான்கு ஓட்டைகள் வழக்கமாகத் தென்படும்.

முதல் ஓட்டை, சில்லறை எதிரிகளுக்குப் பெரிய மந்திரம். ஃபயருக்கு 4 எம்பி, ஃபயராவுக்கு 10, ஃபயரகாவுக்கு 21. ஒரு ஃபயரகா போடும் எம்பியில் ஐந்து ஃபயர் போட்டுவிடலாம். நெருப்புக்கு பயப்படும் எதிரியை பிரஷர் (தடுமாறும்) நிலைக்குத் தள்ள பல நேரம் அந்தச் சின்ன ஃபயரே போதும். அதற்கப்புறம் வாளுக்கும் கைக்கும்தான் வேலை. பெரிய மந்திரத்தை ஸ்டாகர் ஆன, அதாவது நிலைகுலைந்து கூடுதல் காயம் படும் பாஸுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, ஆட்டோ க்யூர் மெட்டீரியா (ஆயுதத்திலும் கவசத்திலும் மாட்டி மந்திரமும் திறனும் பெறும் கல்). நார்மலில் இதை மாட்டிவிட்டு மறந்திருப்பீர்கள். நீங்கள் ஓட்டாத ஆள், எச்பி குறைந்ததும் தானாகவே அதை நிறைக்கும் க்யூர் மந்திரத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். யாரும் கேட்காமலே குடம் காலியாகும். ஹார்டுக்குள் நுழைந்ததும் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, சண்டை முடிந்த பிறகு மெனுவில் போய் க்யூர் போட்டு எச்பியை நிறைப்பது. பெஞ்ச் பக்கத்தில் இருந்தால் அது இலவசமாக நிறைத்துவிடும். வழியில் பாதி எச்பியோடு நடப்பதில் தப்பில்லை. பெஞ்ச் தொலைவில் இருந்தால், அடுத்த சின்னச் சண்டையில் கடைசி எதிரி ஒருவனை மட்டும் உயிரோடு விட்டு, அவனை வைத்துக்கொண்டே ஏடிபி (சண்டையில் நிறையும், கட்டளை போடச் செலவாகும் கட்டை) சேர்த்து, எச்பி நிறைக்கும் சக்ராவும் ப்ரேயரும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் எம்பி தேவையில்லை. சக்ராவுக்கு ஒரு ஏடிபி கட்டை, அது இழந்த எச்பியில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். ப்ரேயருக்கு இரண்டு கட்டை, அது மூவருக்கும் சேரும். ஹார்டில் இந்த இரண்டும்தான் உங்கள் போஷன். ஆளுக்கொரு சக்ரா, குழுவில் குறைந்தது ஒரு ப்ரேயர் இல்லாமல் எந்த சாப்டரையும் தொடங்காதீர்கள். இரண்டையும் முன்பே லெவல் ஏற்றி வைக்க வேண்டும். லெவல் ஏறாத ப்ரேயர் கொடுப்பது வாய் நனையக்கூடப் போதாது.

நான்காவது ஓட்டை, வழியில் கிடக்கும் ஷின்ரா பெட்டிகளை உடைக்காமல் கடப்பது. எம்பி குறைந்திருக்கும்போது அவற்றிலிருந்து மாகோ துண்டு விழும், கொஞ்சம் எம்பி ஏறும். ஹார்டில் கண்ணில் பட்ட ஒரு பெட்டியையும் விடக்கூடாது.

கசிவை அடைத்த பிறகு வரவைக் கூட்டலாம். மந்திரத்தில் வல்லவரான ஏரித் குழுவில் இருந்தால் அவர்தான் கிணறு. அவருடைய சோல் டிரெயின் எதிரியிடமிருந்து எம்பியை உறிஞ்சும், ஸ்டாகர் ஆன எதிரியிடம் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே சில்லறைச் சண்டையில் ஸ்டாகர் ஆன எதிரியை உடனே அடித்து முடிக்காதீர்கள். முதலில் சோல் டிரெயின், பிறகு அடி. மற்றவர்களுக்கு எம்பி அப்சார்ப்ஷன் மெட்டீரியாவை ஒரு தாக்குதல் மெட்டீரியாவோடு இணைத்து மாட்டலாம். சில ஆயுதங்களின் மேம்பாட்டுப் பட்டியலில் எம்பி தானாக ஊறும் வேகத்தைக் கூட்டும் முனைகளும், மந்திரச் செலவைக் குறைக்கும் முனைகளும் உண்டு. நார்மலில் தாக்குதல் முனைகளை வாங்கியவர்கள் ஹார்டுக்கு வந்ததும் இவற்றுக்கு மாற வேண்டும். பழைய தேர்வைக் கலைக்க, ஆட்டத்தில் வரும் சாட்லியிடம் ஓர் ஆயுதத்துக்கு 100 கில் (ஆட்டத்துப் பணம்) மட்டுமே செலவு.

இதெல்லாம் செய்தும் பாஸ் வாசலில் எம்பி இல்லையென்றால், அந்த சாப்டரை விட்டு வேறொரு சாப்டருக்குப் போய் லெவலும் மெட்டீரியாவும் ஏற்றிவிட்டு வருவதே நேரத்தை மிச்சப்படுத்தும். சாப்டர் செலக்ட் வழியாக வெளியேறினால் சேர்த்த அனுபவமும் மெட்டீரியாவும் அப்படியே இருக்கும். ஒருமுறை முடித்த சேவில் அனுபவம் இரண்டு மடங்கும், மெட்டீரியாவின் லெவலை ஏற்றும் ஏபி மூன்று மடங்கும் கிடைக்கும். ஏபி அப் மெட்டீரியாவை இணைத்தால் அந்த மெட்டீரியாவுக்கு இன்னும் இரண்டு மடங்கு.

கோளாறு: இரண்டு அடியிலேயே ஆள் விழுகிறார்

முதலில் லெவலைப் பாருங்கள். நார்மலில் முடிக்கும்போது பெரும்பாலோர் லெவல் 35-ஐ ஒட்டி இருப்பார்கள். உச்சம் 50, ஹார்டில் எதிரிகள் அந்த உயரத்துக்கு ஏற்றபடி வருவார்கள். 35-இல் நுழைவது தவறில்லை, ஆனால் முதல் சில சாப்டர் மேடேறுவது போல இருக்கும்.

லெவல் 50 வந்த பிறகும் விழுகிறார்கள் என்றால் பழக்கம்தான் காரணம். உருண்டு தப்பிப்பது இந்த ஆட்டத்தில் கவசம் இல்லை. உருளும் நேரத்தில் அடி பட்டால் முழு அடியும் விழும். மற்ற ஆக்‌ஷன் ஆட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதை ஏற்கவே மனம் வராது. பிளாக் பொத்தானை அழுத்தி நின்றால் அடி குறையும், ஏடிபியும் கொஞ்சம் ஏறும். ஸ்டெட்ஃபாஸ்ட் பிளாக் மெட்டீரியா மாட்டினால் இரண்டுமே கூடும். தரையில் பரவும் வெடி, தடுக்க முடியாத பிடி ஆகியவற்றுக்கு மட்டும் ஓடுங்கள். மற்றதெல்லாம் பிளாக்.

அடுத்தது, கையில் துப்பாக்கி பொருத்திய பாரட். சாப்டர் 1-இல் அவர் சுடுவதற்காக மட்டும் இல்லை. எச்பி அப் மெட்டீரியா இரண்டை அவருக்குப் போட்டு, அடியைக் குறைக்கும் ஸ்டீல்ஸ்கின் திறனைப் போட்டுவிட்டு லைஃப்சேவர் போடுங்கள். மற்றவர்கள் வாங்க வேண்டிய அடியை அவர் வாங்குவார். அவர் ஒருவருக்கு மட்டும் சக்ரா போட்டுக்கொண்டிருந்தால் குழுவே பிழைத்துவிடும். மூவருக்கும் தனித்தனியாக எம்பி செலவழிக்கத் தேவையில்லை.

எலமென்டல் மெட்டீரியாவைக் கவசத்தில் போடுவதை நார்மலில் பலர் யோசித்திருக்கவே மாட்டார்கள். கவசத்தில் எலமென்டலோடு நெருப்பு மெட்டீரியாவை இணைத்தால் நெருப்படி குறையும். லெவல் முழுதாக ஏறிய எலமென்டல் என்றால் அந்த அடி எச்பியாகவே திரும்பி வரும். பாஸ் எந்த வகையில் அடிக்கிறான் என்று தெரிந்தால் இதுதான் மலிவான மருந்து. செத்த பிறகு ‘இந்தச் சண்டைக்கு முன்னிருந்து’ என்று தொடங்கினால் மெட்டீரியாவை மாற்றிக்கொள்ளலாம். சண்டையை மட்டும் மறுபடி தொடங்கினால் பழைய மெட்டீரியாதான். வித்தியாசம் ஒரு வரிதான், கவனிக்காமல் பத்து தடவை அதே தவறான கவசத்தோடு போய்ச் சாகிறவர்கள் உண்டு.

கோளாறு: மந்திரம் சொல்லும்போதே அறுந்துபோகிறது

அறுந்தால் ஏடிபி மட்டும் போவதில்லை, எம்பியும் சேர்ந்து போகும். ஹார்டில் இதுதான் மிகக் கொடிய நஷ்டம்.

எதிரிகள் பெரும்பாலும் நீங்கள் ஓட்டும் ஆளைத்தான் துரத்துவார்கள். அதனால் மந்திரம் போட வேண்டிய ஆளை ஓட்டாதீர்கள். வாள் வீரன் கிளவுடை ஓட்டி எதிரியை இழுத்து வையுங்கள், கட்டளை மெனுவைத் திறந்து அங்கிருந்தே ஏரித்துக்குக் கட்டளை கொடுங்கள். ஆனால் ஓட்டாத ஆளின் ஏடிபி மெதுவாகத்தான் நிறையும். ஆகவே அவரது கட்டையை நிறைக்க அவரிடம் தாவி இரண்டு மூன்று அடி அடித்துவிட்டு, கட்டளையிட மறுபடி கிளவுடுக்குத் தாவ வேண்டும். இந்தத் தாவல் கைக்குப் பழகினால் பாதி ஹார்ட் மோட் முடிந்த மாதிரி.

கோளாறு: ஸ்டாகர் கட்டை நிறையவே மாட்டேன் என்கிறது

எதிரியின் பெயரின் கீழ் உள்ள கட்டை சும்மா அடித்தால் எறும்பு ஊர்வது போல ஏறும். முதலில் பிரஷர் நிலைக்குத் தள்ள வேண்டும், அதன்பிறகு அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கட்டை தாவும். எதனால் பிரஷர் ஆகும் என்பது எதிரிக்கு எதிரி மாறும். அசெஸ் மெட்டீரியா அதைச் சொல்லும், அதற்கு எம்பி செலவில்லை. நார்மலில் ஒருமுறை அசெஸ் செய்த எதிரியின் குறிப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், சண்டை நடுவிலேயே திறந்து படிக்கலாம்.

பிரஷர் ஆன நொடியில் கிளவுடின் ஃபோகஸ்ட் த்ரஸ்ட், பாரட்டின் ஃபோகஸ்ட் ஷாட், கையால் குத்திச் சண்டையிடும் டிஃபாவின் ஃபோகஸ்ட் ஸ்ட்ரைக் மூன்றும் இதற்காகவே செய்த கருவிகள். வெறும் காயம் கொடுக்கும் திறன்களை அந்த நேரத்தில் வீணாக்காதீர்கள்.

ஸ்டாகர் ஆன பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்ணாரப்பேட்டையில் கேரம் ஆடிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: சிவப்பைப் போட்டால் அடுத்து ஃபாலோ போட்டாக வேண்டும், இல்லையென்றால் சிவப்பு திரும்ப நடுவுக்குப் போய்விடும். ஸ்டாகர் சிவப்பு என்றால், கையில் சேர்த்து வைத்த ஏடிபி ஃபாலோ. கட்டை நிறையப்போகிறது என்று தெரிந்ததும் இரண்டு பேரின் ஏடிபியையாவது செலவழிக்காமல் வையுங்கள். ஸ்டாகரில் காயம் 160 சதவீதத்தில் தொடங்கும். டிஃபாவுக்கு அன்பிரைடில்ட் ஸ்ட்ரெங்த் முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தால், முக்கோணப் பொத்தானில் வரும் அவரது அடிகள் அந்த சதவீதத்தையே ஏற்றிவிடும். முதலில் டிஃபா ஏற்ற வேண்டும், பிறகு கிளவுட் கொட்ட வேண்டும். வரிசை மாறினால் பாஸின் எச்பியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வித்தியாசம் வரும்.

கோளாறு: பனிஷர் எதிரடி நேரம் தப்புகிறது

ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்னால் பாய்கிறவன் புள்ளி எடுப்பான். கார்டைத் தூக்கி நின்று, எதிராளி கை நீட்டி முடித்த நொடியில் குத்துகிறவன் ஆளைச் சாய்ப்பான். கிளவுடின் பனிஷர் நிலை இரண்டாவது ஆள். பனிஷரில் நின்று பிளாக் செய்தால், கைக்கெட்டும் தூரத்து அடி எதுவாக இருந்தாலும் தானாக எதிரடி விழும். சாப்டர் 4-இல் பைக் ஓட்டி வரும் ரோச், சாப்டர் 8-இல் ரீனோ, இருவரையும் ஓடிப் பிடித்து அடிக்க முயன்றால் மூச்சு முட்டும். நின்று வாங்கி அடித்தால் அவர்களே உள்ளே வந்து விழுவார்கள்.

துப்பாக்கிக்கும் மந்திரத்துக்கும் இந்த எதிரடி கிடையாது. அவை வரும்போது பனிஷரை விட்டு வெளியே வாருங்கள்.

சரியாகத்தான் அழுத்துகிறேன், இருந்தும் தாமதமாகிறது என்றால் டிவியைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய டிவிகள் படத்தை அழகாக்க ஒவ்வொரு பிரேமையும் மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதில் நேரம் போகும். ரிமோட்டில் பட அமைப்புக்குள் போய் கேம் மோடைப் போடுங்கள். கன்சோல் மாட்டிய எச்டிஎம்ஐ துளைக்குத் தனியாகப் போட வேண்டியிருக்கும். கேபிள் டிவி துளையில் போட்டுவிட்டு மாறவில்லை என்று நினைப்பது வழக்கமான தவறு.

கோளாறு: சாப்டர் 9-இன் வீடு அடித்து நொறுக்குகிறது

ஹெல் ஹவுஸ். கிளவுடும் ஏரித்தும் மட்டும் இருப்பார்கள். ஹார்டில் பலர் கைவிட்டுப் போகும் இடம் இதுதான், ஆனால் விதியைப் புரிந்துகொண்டால் மொத்த ஆட்டத்திலேயே நேர்மையான பாஸ் இதுதான் என்போம்.

வீட்டின் ஜன்னல், கதவு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று மட்டும் பாருங்கள். சிவப்பு என்றால் நெருப்பு வீடு, பனி மந்திரம் போடுங்கள். நீலம் என்றால் பனி, நெருப்பு போடுங்கள். மஞ்சள் மின்னல், அதற்குக் காற்று. பச்சை காற்று, அதற்கு மின்னல். எதிர் வகை மந்திரம் பட்டால் அது தடுமாறும். அதே வகையைப் போட்டால் உங்கள் எம்பியை அதற்குத் தானமாகக் கொடுத்த மாதிரி.

நிறம் எந்த வரிசையில் மாறும் என்று எண்ண முடியாது, ஆகவே நான்கு வகையும் கையில் இருக்க வேண்டும். நான்கையும் ஏரித்திடம் கொடுங்கள். அவரது ஆர்கேன் வார்ட் வட்டத்துக்குள் நின்று போடும் மந்திரம் ஒரு செலவில் இரண்டு தடவை பாயும், எம்பி கணக்கில் இதற்கு இணை எதுவும் இல்லை. வட்டம் போட்ட இடத்திலேயே இருக்கும். அதனால் வீடு தூரத்தில் இருக்கும்போது, மைதானத்தின் ஓரத்தில் போடுங்கள். கிளவுடிடம் இரண்டு வகை போதும், சக்ராவும் ப்ரேயரும் அவரிடம் இருக்கட்டும். அவர் வீட்டைத் தன் பக்கம் இழுத்து வைப்பதுதான் முக்கிய வேலை.

இங்கே நடக்கும் மூன்று தவறுகள்:

கிளவுடின் வாளில் எலமென்டலோடு ஏதாவது ஒரு வகையை இணைத்துவிட்டு வருவது. வீடு அதே நிறத்துக்கு மாறியதும் வாளடி வீணாகும். இந்தச் சண்டைக்கு அந்த இணைப்பைக் கழற்றுங்கள்.

காட் ஹவுஸ் நிலையில் அடிப்பது. அந்த நேரத்தில் நீங்கள் போடும் எதுவும் பெரிதாக ஏறாது. கையைக் கட்டிக்கொண்டு, பிளாக் போட்டு, நாற்காலிகள் பறந்து வருவதைத் தாங்கி, ஏடிபியைச் சேர்த்துக்கொண்டு காத்திருங்கள். இந்தப் பொறுமைதான் சண்டையின் பாதி.

கதவுக்கு நேர் எதிரே நிற்பது. கதவு திறந்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிளாக் உதவாது. எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள்.

ஹார்டில் இடையிடையே வேறு எதிரிகளும் மைதானத்துக்குள் வந்து சேர்வார்கள். வீட்டை மறந்துவிட்டு முதலில் அவர்களைத் தீர்த்துவிடுங்கள். ஏரித்தை யாராவது பக்கத்தில் நின்று இடித்துக்கொண்டிருந்தால் மந்திரம் எதுவும் முடியாது.

கோளாறு: சாப்டர் 7-இல் ஏர்பஸ்டர் தாங்கவில்லை

சண்டைக்கு முன்னால் கீ கார்டு கொண்டு அதன் பாகங்களைக் குறைக்கும் இடத்தை ஓட்டமாகக் கடக்காதீர்கள். எங்கள் வரிசை: முதலில் பிக் பாம்பர் குண்டுகள், மிச்சம் இருந்தால் ஏஐ கோர். மின்னலுக்கு பயப்படும் இயந்திரம் இது. கிளவுட் வாளில் எலமென்டலும் மின்னலும், மின்னல் மந்திரம் இன்னொருவரிடமும் இருக்கட்டும். மேலே பறக்கத் தொடங்கியதும் பாரட்டை ஓட்டுங்கள், அங்கே வாள் எட்டாது.

கோளாறு: சாப்டர் 17-இல் ரூஃபஸை நெருங்கவே முடியவில்லை

கிளவுட் தனியாக. முதலில் டார்க்ஸ்டார் என்ற நாயைக் கொல்லுங்கள், இருவரும் சேர்ந்திருக்கும்போது எதுவும் நடக்காது. தனியான பிறகு ரூஃபஸ் உங்கள் சாதாரண அடியை விலகிப் பதிலடி கொடுப்பார், அதை வைத்து அவரை வெல்ல முடியாது. அவர் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் நொடிக்காகக் காத்திருந்து அப்போது கிளவுடின் பிரேவர் என்ற வாள் திறனை அடியுங்கள். அந்த ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கும். எப்போதும் ஓர் ஏடிபி கட்டையை அதற்காகவே வைத்திருங்கள். பொறுமையிழந்து அதை வேறெதற்காவது செலவழித்தீர்கள் என்றால் அடுத்த நிரப்பல்வரை அடி வாங்குவதுதான் மிச்சம்.

கோளாறு: சாப்டர் 17 நடுவிலேயே வறண்டுவிடுகிறது

நீளமான சாப்டர், குழு இரண்டாகப் பிரியும், பாஸ்கள் அடுத்தடுத்து. ஒரே ஆளிடம் நல்ல மெட்டீரியா அத்தனையையும் குவித்தால் அவர் இல்லாத பாதி வெறுங்கையோடு நிற்கும். ப்ரேயர் இரு பக்கமும் இருக்கும்படி பிரித்து வையுங்கள்.

இங்கே உள்ள சண்டைப் பயிற்சி சிமுலேட்டரில், ஹார்டில் மட்டும் திறக்கும் டாப் சீக்ரெட்ஸ் என்ற போட்டி இருக்கிறது. ஷிவா தொடங்கி, ஃபேட் சொகோபோ, லெவியத்தான், பிறகு பகாமுத்தும் இஃப்ரிட்டும் என்று வந்து, கடைசியில் ப்ரைட் அண்ட் ஜாய் இயந்திரம். எல்லாம் ஒரே மூச்சில். ஜெயித்தால் காட்டர்டாமெருங் என்ற அணிகலன் கிடைக்கும், அதை மாட்டினால் பெரிய தாக்குதலுக்கான லிமிட் கட்டை தானாக நிறைந்துகொண்டே இருக்கும். இதற்கு லெவல் 50-ம், பாஸ்களிடம் ஹார்டில் மட்டும் கிடைக்கும் கையேடுகளும் இல்லாமல் போகாதீர்கள். அந்தக் கையேடு ஒவ்வொன்றும் அந்த ஆளின் ஆயுதங்களுக்கு 10 எஸ்பி (மேம்பாட்டுப் புள்ளி) தரும். அதனால் இந்தப் போட்டியைக் கடைசியில் வையுங்கள். ஷிவாவுக்கு நெருப்பு, இஃப்ரிட்டுக்குப் பனி, லெவியத்தானுக்கு மின்னல் என்று சின்ன மந்திரங்களிலேயே ஓட்டி, எம்பியைப் பின்பாதிக்கு மிச்சம் பிடியுங்கள். பகாமுத் எண்ணத் தொடங்கினால் மெகாஃபிளேர் வரப்போகிறது என்று அர்த்தம். எண்ணி முடிப்பதற்குள் எல்லோர் எச்பியையும் நிறைத்து, மந்திர அடியைக் குறைக்கும் தடுப்பைப் போட்டுவிட வேண்டும்.

கோளாறு: லாக் போட்ட எதிரியிலிருந்து தானாக வேறொருவனுக்குத் தாவுகிறது

ஆட்டத்தில் பிழை இல்லை, கன்ட்ரோலரில். லாக் போட்டிருக்கும்போது வலது குச்சியை அசைத்தால் இலக்கு மாறும். குச்சியின் உள்ளே உள்ள தடம் தேய்ந்தோ, தூசி படிந்தோ இருந்தால் நீங்கள் தொடாமலே அசைந்ததாக அது சொல்லும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்பு ஈரம் தூசியைப் பசை போலப் பிடித்து வைக்கும்.

கன்ட்ரோலரை அணைத்து, குச்சியை ஒரு பக்கம் சாய்த்து, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சியில் நனைத்து அடிப்பகுதியைச் சுற்றித் துடையுங்கள். குச்சியை முப்பது நாற்பது தடவை வட்டமாகச் சுற்றி, அரை மணி நேரம் காய விடுங்கள். தண்ணீரோ, தேங்காய் எண்ணெயோ, பூட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயோ வேண்டாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் வழியாக ஆடுகிறவர்கள் கன்ட்ரோலர் அமைப்பில் டெட் ஸோனை (குச்சியின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத எல்லை) கொஞ்சம் கூட்டி ஒப்பேற்றலாம். இரண்டு தடவை துடைத்தும் திரும்பினால் தடம் தேய்ந்துவிட்டது, குச்சியின் பாகத்தையே சால்டர் செய்து மாற்ற வேண்டும். ஆடி முடித்ததும் மூடியுள்ள டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

கோளாறு: கரண்ட் போய் சேவ் போய்விட்டது, அல்லது தம்பி ஆடி மேலெழுதிவிட்டான்

கோடையில் ராத்திரி கரண்ட் போகும் தெருவில், கன்சோலை ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுத் தூங்குவதை சேவ் என்று எண்ணாதீர்கள். கரண்ட் நின்றால் அந்த நிலை அழிந்து, கடைசியாகப் பதிந்த இடத்துக்குத்தான் திரும்புவீர்கள். ஹார்டில் ஒவ்வொரு பாஸுக்கு முன்னும் பின்னும் கையால் சேவ் போடுங்கள். 600 விஏ யுபிஎஸ் ஒன்று, கன்சோலையும் சின்ன டிவியையும் சில நிமிடங்கள் தாங்கும். சேவ் போட்டு ஒழுங்காக அணைக்க அந்த நேரம் போதும்.

ஒரே கன்சோலில் அண்ணனும் தம்பியும் ஆடும் வீட்டில் ஆளுக்கொரு யூசர் திறந்துவிடுங்கள், சேவ்கள் கலக்காது. அது முடியாவிட்டால் இடங்களைப் பிரியுங்கள்: முதல் ஐந்து தம்பிக்கு, அடுத்தவை உங்களுக்கு. சாப்டர் செலக்டில் நுழையும் முன் உங்கள் இடத்தில் புதிதாக ஒரு சேவ். ஆட்டோ சேவை மட்டும் நம்பியிருந்தால், அவன் நார்மலில் சாப்டர் 2-ஐத் தொடங்கிய நொடியில் உங்கள் சாப்டர் 16 அதிலிருந்து போய்விடும்.